பயிற்சியாளரை மாற்றாதீர்கள்! - ஒரு கடிதத்தின் கதை

1981 டிசம்பர். சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி அந்த வருடமும் தோற்றுக்கொண்டிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் நீல் ஆம்ஸ்ட்ராங்கின் வேலை போகப்போகிறது என்பது ஊரறிந்த ரகசியம். (நிலாவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் வேறு, இவர் வேறு!)

அந்த நேரத்தில் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸின் கைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் அவரிடம் சம்பளம் வாங்கும் வீரர்கள். ஆனால் அவர்கள் சம்பள உயர்வு கேட்கவில்லை. தங்களை தினமும் திட்டித் தீர்க்கும், பெயர் சொல்லிக்கூட கூப்பிடாத ஓர் உதவிப் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பயிற்சியாளரைத் தூக்குங்கள் என்று வீரர்கள் முணுமுணுப்பது எல்லா விளையாட்டிலும் உண்டு. ஒருவரைக் காப்பாற்றுங்கள் என்று எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கேட்பது அபூர்வம். அந்தக் கடிதம் என்ன செய்தது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கதை.

இரண்டு அணிகள், ஒரே சீருடை

அமெரிக்கன் ஃபுட்பால் என்றதும் பீலேவும் மரடோனாவும் ஆடிய ஆட்டத்தை நினைத்துவிடக் கூடாது. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். ரக்பியின் மோதல் பாதி, சதுரங்கத்தின் திட்டமிடல் பாதி என்று சொல்லலாம்.

கிரிக்கெட்டில் பேட் பிடித்த அதே 11 பேர்தான் பிறகு ஃபீல்டிங் செய்ய இறங்குவார்கள். இங்கே அப்படி இல்லை. பந்தை முன்னே கொண்டுபோக ஒரு 11 பேர். இவர்கள் அஃபென்ஸ். எதிரணி பந்தைக் கொண்டுவரும்போது தடுக்க வேறு 11 பேர். இவர்கள் டிஃபென்ஸ். ஒரு கூட்டம் களத்தில் இருக்கும்போது இன்னொரு கூட்டம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனி கூட்ட அறை, தனித்தனி திட்டப் புத்தகம், தனித்தனி பயிற்சியாளர்கள். ஒரே சீருடையில் இரண்டு அணிகள் என்றே சொல்லிவிடலாம்.

தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே டிஃபென்ஸ் முழுவதையும் பார்த்துக்கொள்பவருக்கு டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் என்று பெயர். டிஃபென்ஸ் வீரர் ஒருவர் காலை முதல் மாலை வரை முகம் பார்ப்பது இவரைத்தான். தலைமைப் பயிற்சியாளரைப் பத்திரிகைக்காரர்கள் பார்ப்பார்கள்!

தலைமைப் பயிற்சியாளர் வேலை இழந்தால் அவருடைய உதவியாளர்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்பது எழுதப்படாத சட்டம். புதிதாக வருபவர் தன் ஆட்களை அழைத்து வருவார். திட்டப் புத்தகம் மாறும். நான்கு வருடமாகக் கற்றதை மறந்துவிட்டு வேறொன்றைப் படிக்க வேண்டும். புதியவரின் திட்டத்துக்கு ஒத்துவராத வீரருக்கும் வேலை போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர்கள் விருப்பப்பட்ட அணிக்குப் போய்விட முடியாது. உண்மையான அந்த சுதந்திரம் 1993-ல்தான் வந்தது. ஆக, தன் மேலதிகாரி யார் என்பதில் 1981-ல் ஒரு வீரருக்கு எந்த உரிமையும் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் விலகிப் போகும் வழியும் அநேகமாகக் கிடையாது.

பெரியவர் ஹாலஸ்

கடிதத்தைப் பெற்ற ஜார்ஜ் ஹாலஸ் சாதாரண முதலாளி அல்ல. 1920-ல் என்.எஃப்.எல். உருவானபோது அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர். பேர்ஸ் அணியை ஆரம்பித்தவர், அதற்காக ஆடியவர், நான்கு தவணைகளாக மொத்தம் 40 சீசன்கள் அதன் பயிற்சியாளராக இருந்தவர். அவருக்கு 'பாப்பா பேர்' என்று செல்லப்பெயர்.

1981-ல் அவருக்கு வயது 86. அணியின் பொறுப்பை மகனிடம் கொடுத்திருந்தார். அந்த மகன் 1979 டிசம்பரில் திடீரென்று இறந்துபோனார். வயதான காலத்தில் மறுபடியும் எல்லாவற்றையும் தானே கையில் எடுக்க வேண்டிய நிலை.

அணியின் நிலைமையும் சரியில்லை. பேர்ஸ் கடைசியாக சாம்பியன் ஆனது 1963-ல், ஹாலஸே பயிற்சியாளராக இருந்தபோது. 1978-ல் வந்த ஆம்ஸ்ட்ராங் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நான்கு சீசனில் 30 வெற்றி, 34 தோல்வி. 1981-ல் மட்டும் 6 வெற்றி, 10 தோல்வி. நல்ல மனிதர் என்பதற்காக யாரும் வேலையில் வைத்துக்கொள்வதில்லை.

எண்களால் கூப்பிடும் மனிதர்

வீரர்கள் காப்பாற்ற நினைத்தது ஆம்ஸ்ட்ராங்கை அல்ல. அவருக்குக் கீழே டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்த பட்டி ரயனை.

ஓக்லஹோமா மாநிலத்தில் 1931-ல் பிறந்தவர் ரயன். கொரியப் போரில் ராணுவத்தில் இருந்தவர். அந்த மிடுக்கும் முரட்டுத்தனமும் கடைசிவரை போகவில்லை. 1968-ல் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்த அணியின் நட்சத்திரம் ஜோ நேமத் ஒரு குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அவர் மேல் ஒரு கீறல் விழக் கூடாது என்று தலைமைப் பயிற்சியாளர் வீப் யூபேங்க் எவ்வளவு பாடுபடுகிறார் என்பதை ரயன் கவனித்தார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. குவாட்டர்பேக்கைக் காப்பாற்ற இவ்வளவு பாடு என்றால், எதிரணியின் குவாட்டர்பேக்கை விடாமல் துரத்துவதுதான் அவர்களை வீழ்த்தும் வழி!

இந்த எண்ணம்தான் பின்னாளில் சிகாகோவில் '46 டிஃபென்ஸ்' என்ற பெயரில் புகழ் பெற்றது. தற்காப்பு வீரர்களில் எட்டுப் பேரை முன்வரிசைக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துவார். யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று எதிரணிக்குத் தெரியாது. குவாட்டர்பேக்குக்கு யோசிக்க நேரமே கிடைக்காது. ஆபத்தும் உண்டு. முன்னால் எட்டுப் பேர் போனால் பின்னால் ஆள் குறைவு. ஒரே ஒரு நீண்ட பாஸ் தப்பித்தாலும் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொருவரும் தன் வேலையை இம்மி பிசகாமல் செய்ய வேண்டும். கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும் திட்டம் இது.

46 என்பது ஆட்கள் நிற்கும் கணக்கு என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அது டக் பிளாங்க் என்ற வீரரின் சட்டை எண். ரயன் வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். 1981-ல் புதிதாகச் சேர்ந்த மைக் சிங்கிள்டரி அவருக்கு வெறும் '50'. பிற்காலத்தில் அந்த அணியின் மூளை என்று பெயர் வாங்கிய சிங்கிள்டரியே தொடக்கத்தில் அவரிடம் பட்ட அவமானங்கள் கொஞ்சமல்ல.

இப்படிப்பட்டவரையா வீரர்கள் காப்பாற்ற நினைத்தார்கள்? ஆமாம். ரயனிடம் ஒரு குணம் இருந்தது. புதியவனை நொறுக்குவார். ஆனால் தேறிவிட்டான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் பிறகு அவனுக்காக யாரோடும் சண்டைக்குப் போவார். உரிமையாளரோ, பத்திரிகையோ, சக பயிற்சியாளரோ, யாராக இருந்தாலும் சரி. திட்டுவதானாலும் நான்தான் திட்டுவேன், வேறு எவனும் என் பையனைத் தொடக் கூடாது என்கிற கண்டிப்பான அப்பாக்களின் பாசம்.

கடிதம்

கடிதத்தின் பின்னால் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆலன் பேஜ். 1971-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். டிஃபென்ஸ் வீரர் ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் ரயனிடம் பயிற்சி பெற்றவர். அந்த அணி 1978-ல் அவரைக் கைவிட்டபோது பேர்ஸ் சேர்த்துக்கொண்டது. ஆடிக்கொண்டே சட்டம் படித்துப் பட்டமும் வாங்கியவர். இன்னொருவர் கேரி ஃபென்சிக், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். முரட்டு ஆட்டம் ஆடும் கூட்டத்தில் பேனா பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தது நல்ல பொருத்தம்.

தலைமைப் பயிற்சியாளர் விஷயத்தில் உரிமையாளர் என்ன முடிவெடுத்தாலும் சரி, ரயனையும் அவருடைய டிஃபென்ஸ் உதவியாளர்களையும் மாற்ற வேண்டாம் என்பதுதான் கடிதத்தின் சாரம். டிஃபென்ஸ் வீரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

இன்று படிக்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்று அப்படி இல்லை. முதலாளியின் அதிகாரத்தில் தொழிலாளிகள் கை வைக்கிற காரியம் அது. அதுவும் ஹாலஸ் போன்ற பழைய காலத்து மனிதரிடம்! தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் எந்த வீரரின் வேலையும் நிலையானதல்ல. சிங்கிள்டரி போன்றவர்களுக்கு அது முதல் சீசன். பேஜின் நிலைமை நேர்மாறானது. அந்த சீசனோடு அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ரயன் இருந்தாலும் போனாலும் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. தான் இருக்கப்போகாத அணிக்காக எழுதிய கடிதம் அது. இதே பேஜ்தான் பிறகு 1993 முதல் 2015 வரை மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஹாலஸ் கோபப்படவில்லை. பயிற்சி நடக்கும் இடத்துக்கே வந்து டிஃபென்ஸ் வீரர்களிடம் பேசினார். உங்கள் பயிற்சியாளர்கள் எங்கும் போகமாட்டார்கள் என்று உறுதி சொன்னார். சொன்னபடியே ரயனைத் தக்கவைத்துக்கொண்டார். சீசன் முடிந்ததும் ஆம்ஸ்ட்ராங் போனார்.

கிளீவ்லாந்தில் நடந்தது

வீரர்களின் குரல் பயிற்சியாளரின் தலையெழுத்தில் கலந்தது இது முதல் முறை அல்ல. 1963 ஜனவரியில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் நடந்தது இதற்கு நேர் எதிரான கதை.

அங்கே பயிற்சியாளர் பால் பிரவுன். அணியின் பெயரே அவர் பெயர்தான்! வீரர்களை வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது, ஆட்டப் படச்சுருள்களைப் போட்டு அலசுவது என்று இந்த ஆட்டத்தை ஒரு படிப்பாகவே மாற்றியவர். 1946 முதல் அணியை நடத்தி ஏழு சாம்பியன் பட்டங்கள் வென்றவர். ஒவ்வொரு முறையும் என்ன ஆட வேண்டும் என்பதை அவரே முடிவு செய்து, ஓர் ஆட்டக்காரர் மூலம் களத்துக்குச் சொல்லி அனுப்புவார். குவாட்டர்பேக் அதை மீறக் கூடாது.

காலம் மாறியது. லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரமான ஜிம் பிரவுன் உட்பட சில வீரர்களுக்கு இந்தக் கெடுபிடி கசந்தது. 1961-ல் அணியை வாங்கிய இளம் உரிமையாளர் ஆர்ட் மாடலிடம் தங்கள் மனக்குறையைச் சொன்னார்கள். மாடலுக்கும் பிரவுனுக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகவில்லை. 1963 ஜனவரியில் பால் பிரவுன் நீக்கப்பட்டார். அப்போது கிளீவ்லாந்தில் பத்திரிகை ஊழியர்கள் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதனால் ஊரின் மிகப் பெரிய விளையாட்டுச் செய்தி, ஊர்ப் பத்திரிகைகளில் வரவே இல்லை!

பதிலுக்கு வந்தவர் பால் பிரவுனின் உதவியாளரான பிளாண்டன் காலியர். காது சரியாகக் கேட்காத, அமைதியான மனிதர். களத்தில் முடிவெடுக்க வீரர்களுக்கு இடம் கொடுத்தார். அந்த சீசனில் ஜிம் பிரவுன் 1,863 கெஜம் ஓடி அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். அடுத்த வருடம், 1964-ல், பால்டிமோர் கோல்ட்ஸை 27-0 என்று வென்று கிளீவ்லாந்து சாம்பியன் ஆனது.

கிளீவ்லாந்து வீரர்கள் மாற்றம் கேட்டார்கள், பட்டம் வந்தது. சிகாகோ வீரர்கள் மாற்ற வேண்டாம் என்று கேட்டார்கள். அங்கே வந்தது என்ன?

இன்னொரு கடிதம்

ஹாலஸுக்கு வந்த கடிதங்களில் இன்னொன்றும் முக்கியமானது. அதை எழுதியவர் மைக் டிட்கா.

டிட்கா 1961 முதல் 1966 வரை பேர்ஸ் அணியில் ஆடியவர், 1963 சாம்பியன் அணியிலும் இருந்தவர். ஆனால் சம்பள விஷயத்தில் ஹாலஸோடு மோதினார். ஐந்து சென்ட் நாணயத்தைக்கூட ஏதோ சாக்கடை மூடியைத் தூக்குவது போல அவ்வளவு கஷ்டப்பட்டுத்தான் கிழவர் வெளியே எடுப்பார் என்று அவர் கிண்டல் அடித்தது ஊரெங்கும் பரவியது. 1967-ல் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். பிறகு டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் டாம் லேண்ட்ரியிடம் உதவிப் பயிற்சியாளராகப் பல வருடம் இருந்தார். என்றாவது ஒருநாள் பேர்ஸுக்குப் பயிற்சியாளராக வர விரும்புகிறேன் என்று பழைய முதலாளிக்குக் கடிதம் எழுதினார். சண்டை போட்டவனை ஹாலஸ் மறக்கவில்லை. அந்தக் கோபக்காரன்தான் இந்த அணிக்கு வேண்டும் என்று 1982 ஜனவரியில் அழைத்துவந்தார்.

இங்கேதான் சிக்கல். வழக்கமாகப் புதிய தலைமைப் பயிற்சியாளர் தன் ஆட்களைக் கூட்டி வருவார். டிட்காவுக்கு அஃபென்ஸ் பக்கம்தான் அந்த சுதந்திரம் கிடைத்தது. டிஃபென்ஸ் பக்கம் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை நியமித்தது டிட்கா அல்ல. அவரை நீக்கவும் டிட்காவால் முடியாது. இருவருமே பிடிவாதக்காரர்கள். ரயன் தன் டிஃபென்ஸைத் தனி நாடாகவே நடத்தினார். அந்த நாட்டுக்குள் டிட்காவுக்கு விசா கிடையாது!

கடிதம் ஒரு வீட்டைக் காப்பாற்றியது. கூடவே அந்த வீட்டின் நடுவில் ஒரு சுவரையும் எழுப்பிவிட்டது.

1985

பலன் உடனே வரவில்லை. 1982-ல் வீரர்கள் வேலைநிறுத்தத்தால் சீசன் பாதியாகச் சுருங்கியது. பேர்ஸ் 3 வெற்றி, 6 தோல்வி. 1983-ல் 8-8. அந்த அக்டோபர் 31-ம் தேதி ஹாலஸ் காலமானார். தான் கேட்டுக்கொண்ட கடிதத்தின் பலனைப் பெரியவர் பார்க்கவில்லை.

1984-ல் டிஃபென்ஸ் முழு வேகம் எடுத்தது. குவாட்டர்பேக்கைப் பந்தோடு கீழே சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். அந்த ஒரே சீசனில் பேர்ஸ் செய்தது 72 சாக். லீக் அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

1985-ல் 15 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வியில்தான் சுவர் வெளியே தெரிந்தது. டிசம்பர் 2, மயாமி. முதல் 12 ஆட்டத்திலும் வென்றிருந்த பேர்ஸ் இடைவேளையில் 10-31 என்று பின்தங்கியிருந்தது. மயாமியின் வேகமான பந்து பிடிப்பாளரைத் தடுக்க ரயன் நிறுத்திய ஆள் போதாது, மாற்று என்றார் டிட்கா. மாட்டேன் என்றார் ரயன். இருவரும் அறைக்குள் கைகலப்பு வரை போய்விட்டார்கள். ஆட்டம் 38-24 என்று மயாமிக்குப் போனது.

பிறகு அவர்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. பிளே ஆஃபில் நியூயார்க் ஜயண்ட்ஸை 21-0, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸை 24-0. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மீதி இருந்தது சூப்பர் பவுல்.

அதற்கு முந்தின இரவு, நியூ ஆர்லியன்ஸில் டிஃபென்ஸ் வீரர்களின் கடைசிக் கூட்டம். ரயன் வேறு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போகப்போகிறார் என்ற பேச்சு எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. நாளை என்ன நடந்தாலும் நீங்கள்தான் என் நாயகர்கள் என்ற பொருளில் சில வார்த்தைகள் சொன்னார் ரயன். கண் கலங்கிவிட்டது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்ட மனிதர் அழுதார். அறையே உடைந்தது. ஸ்டீவ் மெக்மைக்கேல் ஒரு நாற்காலியைத் தூக்கிக் கரும்பலகை மேல் எறிந்தார். டான் ஹாம்ப்டன் படம் காட்டும் புரொஜெக்டரை அடித்து நொறுக்கினார். கூட்டம் அதோடு முடிந்தது.

மறுநாள், 1986 ஜனவரி 26. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46-10 என்று நசுக்கியது பேர்ஸ். எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி எடுத்த மொத்த தூரம் 7 கெஜம்! 46 டிஃபென்ஸ் ஆடிய அணி 46 புள்ளி எடுத்தது தற்செயல்தான்.

ஆட்டம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரைத் தோளில் தூக்குவது வழக்கம். அன்று இரண்டு பேரைத் தூக்கினார்கள். டிட்கா ஒரு பக்கம், டிஃபென்ஸ் வீரர்களின் தோளில் ரயன் இன்னொரு பக்கம்.

அவர் போன பிறகு

சில நாட்களில் ரயன் பிலடெல்ஃபியா ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். டிட்கா தன் சந்தோஷத்தை மறைத்துக்கொள்ளவே இல்லை. பதிலுக்கு வின்ஸ் டோபின் வந்தார். ரயனைப் போல எட்டுப் பேரை முன்னே தள்ளும் சூதாட்டக்காரர் அல்ல, நிதானமானவர்.

என்ன ஆனது? டிஃபென்ஸ் சரிந்ததா?

இல்லை. 1985-ல் ரயனின் டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்தது 198 புள்ளி. 1986-ல் டோபினின் டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்தது 187! 16 ஆட்ட சீசனில் அதுவரை எந்த அணியும் இவ்வளவு குறைவாகக் கொடுத்ததில்லை. அணி 14-2 என்று முடித்தது. ஆனால் முதல் பிளே ஆஃப் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் 27-13 என்று தோற்றது. முதன்மை குவாட்டர்பேக் ஜிம் மெக்மேன் காயத்தால் ஆட முடியாமல் போனது முக்கியக் காரணம்.

பிலடெல்ஃபியாவிலும் கிட்டத்தட்ட அதே கதை. 1987 வேலைநிறுத்தத்தின்போது உரிமையாளர்கள் மாற்று ஆட்களை வைத்து ஆட்டம் நடத்தினார்கள். ரயன் அந்த மாற்று அணியை மதிக்கவே இல்லை. வெளியே நின்ற தன் வீரர்களிடம், பிரியாமல் ஒன்றாக இருங்கள் என்றார். முதலாளியின் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழிலாளிகள் பக்கம் நின்றவரை அந்த வீரர்கள் மறக்கவில்லை. ஆனால் பிளே ஆஃபில் மூன்று முறை ஆடி மூன்றிலும் தோற்றதால் 1991 ஜனவரியில் உரிமையாளர் அவரை நீக்கினார். டிஃபென்ஸ் வீரர்கள் மனம் கசந்தார்கள். ஆனால் அந்த 1991 சீசனில், பட் கார்சன் என்ற புதிய கோஆர்டினேட்டரின் கீழ், அதே வீரர்கள் ஓட்டம், பாஸ், மொத்த தூரம் என்று மூன்றிலும் லீக்கின் முதல் இடத்தைப் பிடித்தார்கள்.

கடிதம் சொன்னது சரியா?

எண்களை மட்டும் பார்ப்பவர்கள் கடிதம் தேவையே இல்லாதது என்று சொல்லக்கூடும். ரயன் போன பிறகு இரண்டு ஊரிலும் டிஃபென்ஸ் கெடவில்லை, இன்னும் மேலே போனது. அப்படியானால் 1981-ல் வீரர்கள் பயந்தது வீண்தானே?

இதில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. 1986-ல் டோபின் கையில் கிடைத்தது நான்கைந்து வருடம் ஒரே ஆசிரியரிடம் படித்துத் தேறிய மாணவர்கள். 1991-ல் கார்சனுக்குக் கிடைத்ததும் அதுதான். விதைத்தவர் போன பிறகும் வயல் விளையும். 1981 டிசம்பரில் நிலைமை அப்படி இல்லை. அன்று சிங்கிள்டரி புதியவர், மெக்மைக்கேல் நியூ இங்கிலாந்து வேண்டாமென்று விட்டவர், ஹாம்ப்டனுக்கு அது மூன்றாவது சீசன். பயிர் முளை விடும்போது பிடுங்கி நடாதீர்கள் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். அறுவடைக்குப் பிறகு ஆளை மாற்றுவதும், முளைக்கும்போதே மாற்றுவதும் ஒன்றல்ல.

கிளீவ்லாந்து வீரர்களும் சிகாகோ வீரர்களும் எதிரெதிரானதைக் கேட்டார்கள், இரண்டு அணிகளும் வென்றன. இதிலிருந்து வீரர்கள் சொல்வதெல்லாம் சரி என்று முடிவு கட்டிவிட முடியாது. பிடித்த பயிற்சியாளருக்காக வீரர்கள் கண்ணீர் விட்டும் அவர் போய்த்தான் தீர வேண்டியிருந்த ஊர்கள் உண்டு. 29 சீசன் டல்லாஸை நடத்திய டாம் லேண்ட்ரி 1989 பிப்ரவரியில் நீக்கப்பட்டு, வீரர்களிடம் விடைபெறும்போது பேச முடியாமல் அழுதார். அவர்களும் அழுதார்கள். புதியவர் ஜிம்மி ஜான்சன் முதல் சீசனில் ஒரே ஒரு ஆட்டம்தான் வென்றார். ஆனால் அதே டல்லாஸ் 1993, 1994 இரண்டு ஜனவரிகளிலும் சூப்பர் பவுல் வென்றது.

ஆக, வீரர்களின் பாசம் அளவுகோல் அல்ல. ஆனால் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று உண்டு. உரிமையாளர் பார்ப்பது வெற்றி, தோல்விக் கணக்கு. ரசிகர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். மூடிய அறைக்குள் தினமும் என்ன கற்றுத்தரப்படுகிறது, அது சேர்கிறதா சிதறுகிறதா என்பது அங்கே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். 6-10 என்று தோற்ற அணியின் உள்ளே ஒன்று நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை வெளியே இருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. அதைத்தான் பேஜும் ஃபென்சிக்கும் எழுதிச் சொன்னார்கள். 86 வயதில், எதிலும் விட்டுக்கொடுக்காத ஹாலஸ் அதைக் காது கொடுத்துக் கேட்டார்.

விலை இல்லாமல் இல்லை. ஒரே அணியில் இரண்டு தலைகள், நான்கு வருட சண்டை. அந்தச் சண்டை இல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு பட்டம் வந்திருக்குமா என்று சிகாகோக்காரர்கள் பல வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள். டிட்காவும் 1993 ஜனவரியில் நீக்கப்பட்டார்.

2016 பிப்ரவரியில் அந்த அணியைப் பற்றிய ஓர் ஆவணப்படம் தொலைக்காட்சியில் வந்தது. நோயால் தளர்ந்துபோன ரயனை அவர் வீட்டுக்குப் போய் சிங்கிள்டரி பார்க்கும் காட்சி அதில் இருக்கிறது. அதே ஜூன் மாதம் ரயன் இறந்தார்.

ஒரு காலத்தில் அவருக்கு வெறும் 50 ஆக இருந்தவர், முப்பது வருடம் கழித்து அவர் அருகில் போய் உட்கார்ந்தார். 1981-ல் அந்தக் கடிதம் எழுதப்படாமல் இருந்திருந்தால், இந்த இருவரும் ஒரே ஒரு சீசன் சேர்ந்து இருந்துவிட்டுப் பிரிந்திருப்பார்கள்.